கூட வந்தவர்களுக்கும் ஒரு கூரை

எங்கள் பக்கம் நோயாளி தனியாக வருவதில்லை. பென்னாகரம் வட்டத்தில் வட்டுவனஅள்ளி ஊராட்சியைச் சேர்ந்த கோட்டூர், ஏரிமலை, அலகட்டு போன்ற மலையூர்களுக்கு நெடுங்காலம் வண்டிப் பாதையே கிடையாது. தேர்தல் சமயத்தில் ஓட்டுப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் ஏறிப்போகிற படத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அந்த மலைதான். அங்கே ஒருத்திக்கு வலி கண்டாலோ ஒருவரைப் பாம்பு தீண்டினாலோ மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டி, தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கி வருவார்கள். தூக்குகிறவர் இரண்டு பேர் என்றால் தோள் மாற்ற நான்கு பேர். முன்னால் பாதையில் கல்லும் முள்ளும் ஒதுக்க ஒரு பையன். தண்ணீர்க் குடமும் துணிமூட்டையுமாக அம்மாவோ மாமியாரோ. கைக்குழந்தை இருந்தால் அதைத் தூக்க இன்னொருத்தி.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வது இந்தக் கூட்டம் முழுவதும்தான். ஆனால் கட்டில் ஒன்று. ஓ.பி. சீட்டு ஒன்று. நாம் கட்டிவைத்திருக்கும் கட்டடத்தின் கணக்கில் மற்றவர்கள் கிடையாது.

தர்மபுரி மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வட்ட மருத்துவமனைகளிலும் ஸ்டாஃப் நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் அப்பா பென்னாகரத்தில் கொத்தனார். சுண்ணாம்புக் காரையில் தொழில் கற்று, சிமெண்டில் முடித்தவர். அதனால் ஒரு வார்டுக்குள் நுழைந்தால் என் கண் முதலில் நோயாளியைப் பார்க்கும். அடுத்து சுவரையும் ஜன்னலையும் பார்க்கும். இன்று ‘இயற்கையோடு இயைந்த மருத்துவமனை’ என்று நகரங்களில் பெரிய செலவில் கட்டுகிறார்கள். முகப்பில் செயற்கை அருவி, கண்ணாடிக்குள் செடி. நல்ல எண்ணம்தான். எங்கள் மாவட்டத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் மனதில் வைத்துப் பார்த்தால், நோயாளியை வரவேற்கும் கட்டடம் என்பதற்கு நம்மிடமே பழைய வரலாறு இருக்கிறது. அதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலை ஒட்டி ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, ‘வீரசோழன்’ என்ற பெயரில் ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை. ஆதுலசாலையில் 15 படுக்கை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவரவும் மருந்து காய்ச்சவும் ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் சுமப்பவர் ஒருவர். நோயாளிக்கு அரிசி. இரவில் விளக்கு எரிய எண்ணெய்ச் செலவுக்குக் காசு. அந்தப் பெண்கள் இருவரும் என் தொழில் முன்னோடிகள் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. இரவு டூட்டி பார்த்தவளுக்குத் தெரியும், அந்த விளக்குக்கு யாரோ யோசித்துக் காசு ஒதுக்கியது எவ்வளவு பெரிய காரியம் என்று.

ஒரு வருடத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் அதே கல்லில் இருக்கிறது. வாசா ஹரிதகி, தசமூல ஹரிதகி, பல்லாதக ஹரிதகி என்று வரிசையாகப் போகிறது. ஹரிதகி நம் கடுக்காய். சித்தேரி மலையிலும் கல்வராயன் மலையிலும் விளைவது. என் அப்பா காரை அரைக்கும்போது கடுக்காயை நசுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, வெல்லமும் சேர்த்து அந்தத் தண்ணீரைத்தான் சுண்ணாம்பில் ஊற்றுவார். காரை மெதுவாக இறுகும், வெடிக்காது. மாட்டைப் பூட்டி வட்டக்காலில் கல் உருளையைச் சுற்றவிட்டு அரைத்த காரை. வயிற்றுக்குக் கொடுத்த காயையே சுவருக்கும் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே தேக்கிவைக்காது. மார்ச் முதல் மே வரை இங்கே அடிக்கிற வெயிலில் அந்த அறைக்குள் இருந்தவர்களுக்கு அது புரியும். கான்கிரீட் கூரைக்கடியில் மாலை ஆறு மணிக்கு மேல்தான் வெக்கை கீழே இறங்க ஆரம்பிக்கும். மின்விசிறி அந்த வெக்கையைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். பிரசவித்த பெண்களும் பச்சைக் குழந்தைகளும் அதற்குக் கீழேதான் படுத்திருப்பார்கள்.

திருமுக்கூடலில் எனக்கு முக்கியமாகப் படுவது அது இருந்த இடம். கோயில் வளாகம். ஏற்கெனவே கால் பழகிய இடம். நோய் வந்த பிறகு முதல்முறையாக மிதிக்கிற வாசல் அல்ல. பின்னால் சொல்லப்போகிற சில நல்ல கட்டடங்களிலும் இதைப் பார்க்கிறேன்.

வாசல் என்றால், எங்கள் வட்டத்திலேயே பாப்பாரப்பட்டி இருக்கிறது. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசி நாட்களைக் கழித்து, 1925 ஜூலை 23 அன்று உயிர்விட்ட ஊர். சிறைவாசம் அவருக்குக் கொடுத்தது தொழுநோய். அந்த நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று அரசு தடுத்தது. மனிதர் நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1923இல் சித்தரஞ்சன் தாஸை அழைத்துவந்து பாப்பாரப்பட்டியில் பாரத மாதா கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். சிறு வயதில் பள்ளியில் இதை விடுதலைப் போராட்டப் பாடமாகப் படித்தோம். நர்ஸ் வேலைக்கு வந்த பிறகு எனக்கு அது வேறு பாடமானது. ஒரு நோயாளிக்கு வாசல் மூடப்படுவது நோயைவிட எவ்வளவு கொடியது. அந்த ஊர் அவருக்குத் திறந்த வாசல் எவ்வளவு பெரியது.

தொழுநோய்க்கு அன்று மருந்து இல்லை. ஊருக்கு வெளியே, எவரும் போகாத கட்டாந்தரையில் கொண்டுபோய் வைத்தார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஒன்று காட்பாடிக்கு அருகே கரிகிரி. 1955இல் அங்கே ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியபோது கல்லும் சரளையுமாகக் கிடந்த வறண்ட பூமி. வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்திக் காட்டிய காலம் அது. அவர் வழியில் வந்த எலும்பு அறுவை மருத்துவர் எர்னஸ்ட் ஃப்ரிச்சி கரிகிரியில் பணியாற்றி, பிற்பாடு அதன் இயக்குநராகவும் ஆனார். கைகளை அறுவையால் சரிசெய்த அதே மனிதர் நிலத்தையும் கையில் எடுத்தார். மழைத்தண்ணீர் ஓடிவிடாமல் தடுத்தார். மரம் நட்டார். வெட்டவிடவில்லை, உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்கவிடவில்லை. பல வருடத்தில் அந்தப் பொட்டல் காடாயிற்று, கிணறுகளில் தண்ணீர் ஊறியது, பறவைகள் வந்தன.

இதை ‘அழகுபடுத்தல்’ என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. தொழுநோயாளி அங்கே ஒரு வாரத்துக்கு வந்து போகிறவர் இல்லை. மாதக்கணக்கில் தங்க வேண்டும்; ஒரு கை முடிந்தால் அடுத்த கை, பிறகு பயிற்சி. உணர்ச்சியற்ற பாதம் வெயிலில் கொதிக்கும் தரையில் சுட்டுக் கொப்பளித்தாலும் தெரியாது. அவருக்கு நிழலே சிகிச்சை. உறவு விட்டுப்போன மனிதருக்கு, தான் தண்ணீர் ஊற்றிய கன்று தலைக்கு மேல் வளர்வதைப் பார்க்கக் கிடைப்பது என்ன தரும் என்பதை மருத்துவக் குறிப்பேட்டில் எழுத இடமில்லை. நான் எழுதுவேன்.

காற்றும் மரமும் நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையின் உச்சத்தைக் காசநோய் மருத்துவமனைகளில் பார்க்கலாம். டேவிட் சௌரி முத்து என்ற தமிழ் மருத்துவர் இங்கிலாந்தில் மென்டிப் குன்றுப் பகுதியில் காசநோயாளிகளுக்கு ஒரு சானடோரியம் நடத்தினார். கணிதமேதை ராமானுஜன் 1917இல் அங்கே சில நாள் நோயாளியாக இருந்திருக்கிறார். முத்து நாடு திரும்பி, 1928இல் தாம்பரத்தில் 250 ஏக்கர் நிலத்தில் 12 படுக்கையோடு ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அங்குள்ள ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதே காலத்தில் பின்லாந்தில் ஆல்வார் ஆல்டோ என்ற கட்டடக் கலைஞர் பைமியோவில் ஒரு சானடோரியம் கட்டி 1933இல் முடித்தார். படுத்தே கிடக்கும் மனிதன் நாள் முழுவதும் பார்ப்பது விட்டத்தைத்தான் என்று அறிந்து, கூரைக்குக் கண்ணை உறுத்தாத பச்சை வண்ணம் அடித்தார். பக்கத்துக் கட்டில்காரர் தூக்கம் கெடாதபடி தண்ணீர் விழும் சத்தம் கேட்காத கைகழுவுத் தொட்டியை வடிவமைத்தார். நோயாளியின் கட்டிலில் ஒருமுறையாவது மல்லாந்து படுத்துப் பார்த்தவர்தான் இப்படிக் கட்ட முடியும். எங்கள் ஊர்க் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர்கள் அதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்ததும் நம் மண்தான். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் காற்றும் கொடுத்து, மறுபாதியை அவர்களுடைய நெரிசலான வீட்டிலேயே வைத்து, இருவருக்கும் ஒரே மாத்திரையை ஒரு வருடம் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

இதைச் சொல்லி, மரமும் காற்றும் வீண் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. நோயைத் தீர்த்தது மருந்து; சரி. ஆனால் நோயாளியை வீட்டு மனிதர்களிடமிருந்து பிரித்தால்தான் குணமாகும் என்ற எண்ணம் அன்றோடு விழுந்தது. கூட இருக்கிற மனிதர்கள் இடைஞ்சல் அல்ல என்பது நிரூபணமானது. அதற்குப் பிறகும் நாம் ஆஸ்பத்திரி கட்டும்போது அவர்களை வெளியே நிறுத்தியே கட்டினோம். மரத்துக்கும் சாட்சி உண்டு. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர், பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகளைப் புரட்டி, ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்து குறைவாகவே கேட்டார்கள். 1984இல் வந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் மேலைநாட்டில் ஆஸ்பத்திரித் தோட்டங்கள் திரும்ப வந்தன. அங்கே ஜன்னலுக்கு வெளியே மரத்தைத் தேடினார்கள். இங்கே எங்கள் நோயாளி ஜன்னலுக்கு வெளியே தேடுவது அந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை. இரண்டும் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

தர்மபுரியிலிருந்து வடகிழக்கே போனால் திருப்பத்தூர். அங்கே 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கியது. சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழரும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் சேர்ந்து தொடங்கினார்கள், இருவரும் மருத்துவர்கள். கதர் கட்டினார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு மருத்துவம் பார்த்தார்கள். ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார டாக்டரைத் துரை என்று மட்டுமே அழைக்கத் தெரிந்திருந்த காலத்தில் சின்னண்ணன்! 1932இல் சென்னையில் கதர் உடுத்தி நின்ற பேட்டனைப் போலீஸ் அடித்தது. அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுந்தது. ஆசிரமத்தின் தேவாலயத்தைத் திராவிடக் கோயில் பாணியில், மண்டபமும் கோபுரமுமாக எழுப்பினார்கள். ஊசிக்கோபுரம் வைத்துக் கட்டினால் கிராமத்தான் வாசலிலேயே நின்றுவிடுவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மருத்துவரை அண்ணன் என்று கூப்பிட முடிகிற இடத்தில், வலியை எங்கே என்று கூச்சமில்லாமல் சொல்ல முடியும். பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். வெள்ளைப்படுதலையும் கர்ப்பப்பை இறக்கத்தையும் வருடக்கணக்கில் வாய்திறந்து சொல்லாமல் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வராண்டாவில் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கும்போதுதான் வாயைத் திறப்பார்கள், மேஜைக்கு எதிரே நிற்கவைத்துக் கேட்டால் இல்லை.

இப்போது எங்கள் மாவட்டத்துக்கே வருகிறேன். இதைத்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும்.

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தாக்கு சிட்லிங்கி. மலையாளிப் பழங்குடி மக்களும் லம்பாடிகளும் வாழும் ஊர்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்தன. பக்கத்து ஆஸ்பத்திரி என்றால் அரூர். 40 கிலோமீட்டருக்கு மேல். ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்து மணந்துகொண்ட ரெஜி ஜார்ஜும் லலிதாவும் காந்திகிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள். பெரிய ஆஸ்பத்திரியை எட்ட முடியாத மக்களிடம் போக வேண்டும் என்று இடம் தேடி, 1993இல் சிட்லிங்கிக்கு வந்தார்கள். ஊர்க்காரர்கள் ஒரு குடிசை கட்டிக்கொடுத்தார்கள். அதுதான் ஆஸ்பத்திரி. புறநோயாளிகளைப் பார்ப்பதும் அதில்தான், பிரசவமும் அதில்தான், சின்ன அறுவையும் அதில்தான். தரையும் மரப்பெஞ்சும். ஒரே ஒரு 100 வாட் பல்பு. ஏறத்தாழ மூன்று வருடம் அந்தக் குடிசையில் ஓட்டிய பிறகே பத்துப் படுக்கைக் கட்டடம் எழுந்தது. இன்று 35 படுக்கை, அறுவை அரங்கு, பிரசவ அறை, பச்சைக் குழந்தைகளுக்கான பிரிவு எல்லாம் இருக்கிறது. குழந்தை இறப்பு 1,000க்கு 20 அளவுக்கு இறங்கியது.

இந்த எண் இறங்கியதற்குக் குடிசையே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஊர் ஊராகப் பழங்குடிப் பெண்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர் ஆக்கினார்கள். அவர்கள்தான் வீடுவீடாகப் போனார்கள், அவர்கள்தான் வார்டிலும் நின்றார்கள். பேதி கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், கர்ப்பிணிக்கு மாதம்தோறும் பரிசோதனை, தடுப்பூசி. இதெல்லாம்தான் உயிரைக் காத்தது. ஆனால் அந்தப் பரிசோதனைக்கு அவர்கள் வந்தார்களே, அது எப்படி? தாங்களே மண் மிதித்துக் கூரை வேய்ந்த இடத்துக்குள் நுழைய எவருக்கும் பயமில்லை. குனிந்து நுழைகிற வாசல் பழகிய வாசல். உள்ளே நிற்கிற பெண் அடுத்த ஊர்க்காரி, சித்தப்பன் மகள், நாத்தனார் முறை. நோயாளியிடம் அவள் பேசுவது வீட்டுப் பேச்சு. குடிசையிலிருந்து கட்டடத்துக்கு மாறிய பிறகும் தரையோடு ஒட்டிய, உயரம் குறைந்த கட்டடங்களும் மரங்களுமாகவே அந்த இடம் வளர்ந்தது. ஆஸ்பத்திரியைச் சுற்றி இயற்கை விவசாயிகள் சங்கமும், லம்பாடிப் பெண்கள் தங்கள் பாட்டிமாரின் எம்பிராய்டரியை மீட்டெடுத்த ‘போர்கை’யும் முளைத்தன. லம்பாடி மொழியில் போர்கை என்றால் பெருமிதம். நோய் வந்தபோது மட்டும் அல்லாமல், துணி தைக்கவும் தானியம் விற்கவும் கால் வைக்கிற இடமாக அந்தச் சுற்றுவட்டாரம் மாறியது. திருமுக்கூடல் கோயில் வளாகத்தை நினைக்கிறேன்.

அரசும் இந்த உண்மையைத் தொட்டிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களை மூன்று ஸ்டாஃப் நர்ஸ் போட்டு 24 மணி நேரமும் இயங்கவைத்த காலத்தில், கர்ப்பிணிகளைக் கூட்டிவந்து அங்கேயே வளைகாப்பு நடத்தினோம். கண்ணாடி வளையல், மஞ்சள் குங்குமம், கலந்த சாதம். சாப்பிட்டு முடித்ததும் பிரசவ அறையைச் சுற்றிக்காட்டுவோம். ‘இந்தக் கட்டில்தான், இந்த விளக்குதான், நான்தான் இருப்பேன்’ என்று சொல்வோம். ஒரு மலையூர்ப் பெண் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, ‘இவ்வளவு ஒசரத்துல இருந்து புள்ள கீழ விழாதா நர்சம்மா?’ என்று கேட்டாள். தரையில் குந்திப் பிள்ளை பெற்றே பழகிய வம்சம். அந்தக் கேள்விக்குள் இருந்த பயம் அத்தனை நாளும் அவள் வீட்டுப் பெண்களை மலையிலேயே நிறுத்திவைத்தது. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணோடு அவள் அம்மாவோ அக்காவோ உள்ளே இருக்கலாம் என்று அரசு மருத்துவமனைகளில் அனுமதித்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். நான் பார்த்தவரை அதைப்போல வலி குறைத்த மருந்து இல்லை. ஆனால் அறையோ ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு கட்டில் என்று அளந்து கட்டியது. அம்மா நிற்க இடமில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்பாள். டிரே தள்ளும்போதெல்லாம் ‘தள்ளிக்கங்கம்மா’ என்று சொல்ல வேண்டியிருக்கும். சட்டம் உள்ளே விட்டது. சுவர் இடம் கொடுக்கவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் இரவு எட்டு மணிக்கு மேல் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மழை பெய்தால் எதிரே உள்ள கடையின் சாய்ப்புக்கடியில் நிற்பார்கள். காலையில் பார்த்தால் பாதிப் படுக்கை காலி. சொல்லாமல் கொள்ளாமல் நோயாளியைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். பதிவேட்டில் ‘தலைமறைவு’ என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதுவோம். அந்தச் சொல் குற்றவாளிக்கு எழுதுவது. மலைக்குத் திரும்பிப்போன அந்த மனிதர் ஓடவில்லை. அவருடைய ஆட்களுக்கு இரவில் படுக்க இடமில்லை, அவ்வளவுதான்.

என் அப்பா திண்ணை இல்லாத வீடு கட்டச் சொன்னால் இரண்டு முறை கேட்பார், ‘வர்றவங்க எங்க உக்காருவாங்க?’ என்று. பழைய கட்டடங்களில் நாலு புறமும் ஓடிய தாழ்வாரம் வெயிலையும் சாரலையும் சுவரில் படாமல் தடுத்தது. கூடவே, உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் மனிதர்கள் காத்திருக்க ஓர் இடம் கொடுத்தது. பிளாட் கான்கிரீட் கட்டடங்கள் வந்தபோது முதலில் போனது அதுதான். இடத்தை மிச்சம் பிடிக்கத் தாழ்வாரத்தை வெட்டி உள்நடையாக்கினார்கள். இரண்டு பக்கமும் அறை, நடுவில் இருட்டு நடை, பகலிலும் டியூப் லைட். இதற்கு மாற்றும் உண்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1945இல் இந்தியாவுக்கு வந்தது தொழுநோய் மருத்துவமனைகளைக் கட்டும் வேலைக்குத்தான். அவர் பிற்பாடு கேரளத்தில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிக் காற்று நுழையும் சல்லடைச் சுவரைக் கட்டியதும், ஓடுகளை உள்ளே வைத்துக் கான்கிரீட்டைக் குறைத்துக் கூரை போட்டதும் பெரிய செலவு இல்லை. பூசாத செங்கல், உள்ளூர்க் கொத்தனார். அந்தக் கையாட்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள்.

இனி எங்கள் ஊரில் ஓர் ஆஸ்பத்திரி கட்டுவதானால், பென்னாகரத்துக்கு என்றே சில தேவைகள் உண்டு. எங்கள் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் முடிந்து 2013இல் தண்ணீர் விட்டது. அதற்கு முன் ஐம்பது அறுபது வருடம் அந்தக் கிணற்று நீரைக் குடித்தவர்களுக்கு முதுகும் முழங்காலும் இறுகிப்போயிருக்கின்றன. அவர்களுக்கு ஐந்து படி என்பது ஒரு மலை. வாசலில் படிக்கட்டு வைத்து, ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சரிவு வைக்கிறார்கள். சரிவே பிரதான வாசலாக இருக்கட்டும். கைப்பிடி இரண்டு புறமும் வேண்டும். தூளி கட்டி வருகிற மூங்கில் கழி ஓர் ஆள் உயரத்தைவிட நீளம். அது நடையின் முனையில் திரும்பாது. அதனால் வாசலிலேயே நோயாளியை இறக்கி, கைமாற்றி, ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவதற்குள் கால் எலும்பு முறிந்தவர் அலறுவார். அவசரப் பிரிவின் கதவு நேர்கோட்டில், இரட்டைக் கதவாக, கழி அப்படியே உள்ளே போகும்படி இருக்க வேண்டும். இதை எந்த அரசாங்க அளவுப் புத்தகத்திலும் போடமாட்டார்கள்; இங்கே இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சமைக்க ஓர் இடம் வேண்டும். களியும் கீரையும் கொள்ளு ரசமும் சாப்பிட்ட வாய்க்கு, பிரசவத்தின் மறுநாள் ரொட்டியும் பாலும் இறங்காது. மூன்று அடுப்பு, ஒரு குழாய், புகை வெளியேற வழி, ஓட்டுக்கூரை. அதை ஒட்டி இருபது பேர் படுக்கத் திண்ணை, பெண்களுக்குத் தனியாகக் கதவோடு குளியலறை. ஒகேனக்கலுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க எத்தனையோ ஊரிலிருந்து ஜனம் வருகிறது. தண்ணீர் உடம்பில் பட்டால் பாதி நோவு போகும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. நான்கு நாள் குளிக்காமல் ஆஸ்பத்திரி வராண்டாவில் கிடந்த ஒரு அம்மாவுக்கு ஒரு வாளி வெந்நீர் கிடைத்தால், அவள் மகளை இன்னும் இரண்டு நாள் படுக்கையில் வைத்திருக்கச் சம்மதிப்பாள்.

பிறகு மரம். புளியமரம் எங்கள் பக்கம் நிறைய. ஆனால் புளிய நிழலில் படுத்தால் உடம்புக்கு ஆகாது என்பது ஜனங்களின் நம்பிக்கை, நோயாளியோடு வந்தவர்கள் அதன் அடியில் ஒதுங்கவேமாட்டார்கள். கிழக்கே வேம்பு, மேற்கு வெயில் படும் பக்கம் புங்கன். புங்கன் கோடையில் தளிர்க்கும். அந்த நிழல் ஈரமாகவே இருக்கும். மரம் நிழல் தர ஆறேழு வருடம் ஆகும், கட்டடமோ இரண்டு வருடத்தில் எழுந்துவிடும். ஒப்பந்தக்காரர் வேலைக்கு வசதி என்று இருக்கிற மரத்தையும் முதல் நாளே வெட்டிச் சாய்த்துவிட்டு, திறப்பு விழாவன்று அமைச்சர் கையால் ஒரு கன்று நடவைப்பதுதான் நான் கண்ட வழக்கம். நிலம் அளந்து கல் நட்ட அன்றைக்கே எந்த மரம் நிற்கப்போகிறது என்று வரைபடத்தில் வட்டம் போட்டுவிட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் ஜூன் மாதத்தில் மேற்கு வரிசைக்குக் குழி தோண்டினால் புரட்டாசி ஐப்பசி மழைக்குள் புங்கன் வேர் பிடித்துவிடும். எங்கள் தெருப் பையன்கள் கன்று எடுத்துவைத்திருக்கிறார்கள். வனத்துறை நாற்றுப்பண்ணையிலும் கேட்டால் கொடுப்பார்கள். அஸ்திவாரம் தோண்ட ஆள் வருவதற்கு முன்பே நாங்கள் ஆரம்பிக்கலாம், இடத்தைக் காட்டினால் போதும்.